வீட்டு இன்வெர்ட்டருக்குச் சரியான பவர் டிரான்சிஸ்டர்: 12 வோல்ட், 200 வாட் சர்க்யூட்டுக்கு முழுமையான வழிகாட்டி

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்துப் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்குப் பிறகு கார்த்திகை பிறந்தாலே பழைய பேட்டரியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் எடுத்து வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு இன்வெர்ட்டர் கட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். 50 ஹெர்ட்ஸ் அலையை உருவாக்கும் ஆசிலேட்டர் பகுதி எளிது. முதல் நாளே ஓடிவிடும். அடிக்கடி போவது, பேட்டரி கரன்ட்டை டிரான்ஸ்ஃபார்மருக்குள் மாறி மாறி விடும் பவர் டிரான்சிஸ்டர்தான். பெரும்பாலும் காரணம் ஒன்றே: டேட்டாஷீட்டின் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) முதல் பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட ஆம்பியரைப் பார்த்து வாங்குவது. பேட்டரி இறங்கிய நேரத்தில், சித்திரை வெயிலில், மூடிய பெட்டிக்குள் அந்தப் பொருள் என்ன தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

கீழே உள்ளது 12 வோல்ட் பேட்டரி, 12-0-12 சென்டர் டேப் (சுற்றின் நடுவில் ஒரு இணைப்பு உள்ள) டிரான்ஸ்ஃபார்மர், 200 வாட் லோடு, 50 ஹெர்ட்ஸ் சதுர அலை என்ற அமைப்புக்கான கணக்கு. உங்கள் அளவு வேறாக இருந்தால் அதே வரிசையில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் லோடு

200 வாட்டில் இரண்டு பிஎல்டிசி ஃபேன், நான்கைந்து எல்இடி பல்பு, வைஃபை ரவுட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் ஓடும். பிஎல்டிசி ஃபேன் ஒன்று 30 வாட் அளவில் எடுக்கும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். பழைய ஃபேன் சதுர அலையில் உறுமும், கூடுதலாகச் சூடாகும். ஃபிரிட்ஜ், மிக்சி, மோட்டார் பம்ப் இதில் வேண்டவே வேண்டாம். அவை கிளம்பும்போது ஓடும் கரன்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், டிரான்சிஸ்டர் போக அந்த ஒரு கணம் போதும்.

2. மோசமான நேரத்தின் கரன்ட்

200 ÷ 12 = 16.7 ஆம்பியர் என்று நிறுத்திவிடக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரிலும் சர்க்யூட்டிலும் போகும் இழப்பைச் சேர்த்து திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியும் கடைசி நேரத்தில் 10.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்.

200 ÷ 0.8 ÷ 10.5 = 23.8 ஆம்பியர்.

டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கமும் மாறி மாறி ஓடும் இந்தப் புஷ்-புல் அமைப்பில் ஒவ்வொரு பக்கமும் பாதி நேரம்தான் வேலை செய்கிறது. ஆனால் வேலை செய்யும் அந்தப் பாதி நேரத்தில் முழு 24 ஆம்பியரும் அதன் வழியாகத்தான் போகிறது. எனவே ஒரு பக்கத்துக்கு 24 ஆம்பியர் என்று வைத்தே தேர்வு செய்ய வேண்டும்.

இங்கேதான் ஐஆர்எஃப் 3205 என்ற மாஸ்ஃபெட்டின் (கேட் என்ற காலில் வோல்டேஜ் கொடுத்தால் டிரெய்ன், சோர்ஸ் என்ற மற்ற இரு கால்களுக்கு இடையே கரன்ட்டை விடும் டிரான்சிஸ்டர் வகை) டேட்டாஷீட்டில் இருக்கும் 110 ஆம்பியர் ஆளை ஏமாற்றுகிறது. அந்த எண், டிரான்சிஸ்டரின் உடல் 25 டிகிரியில் இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊரில் அறையே அதைவிடச் சூடு. டிஓ-220 என்ற அதன் மூன்று கால் உடலின் மெல்லிய கால்களுக்கும் ஒரு எல்லை உண்டு. அதே டேட்டாஷீட்டின் அடிக்குறிப்பில் 75 ஆம்பியர் என்று இருக்கும். வீட்டில் கட்டும் சர்க்யூட்டுக்கு ஒரு டிஓ-220 மாஸ்ஃபெட்டுக்கு 15 ஆம்பியர், மிஞ்சிப்போனால் 20 என்று வைத்துக்கொள்வதே எங்கள் கணக்கு. அப்படியானால் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு.

3. வோல்டேஜ்: பேட்டரியைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும்

சென்டர் டேப் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பக்கம் ஆன் ஆகும்போது ஆஃபாக இருக்கும் எதிர்ப் பக்கத்து டிரான்சிஸ்டரின் மேல் பேட்டரி வோல்டேஜ் இரண்டு மடங்காக வந்து நிற்கும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் 12 வோல்ட் பேட்டரி 14.4 வரை போகும். ஆக 28.8 வோல்ட். இதன் மேல், ஒவ்வொரு முறை ஆஃப் ஆகும்போதும் டிரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ் இன்டக்டன்ஸ் ஒரு கூர்மையான ஸ்பைக்கை (கண நேர வோல்டேஜ் எழுச்சி) தரும். எனவே 12 வோல்ட் அமைப்புக்கு 55 வோல்ட்டுக்குக் குறைவான எதுவும் வேண்டாம். ஐஆர்எஃப் 1404-க்கு 4 மில்லி ஓம் என்று ஆசை காட்டும் எண் இருந்தாலும் அது 40 வோல்ட் பொருள்; சென்டர் டேப் அமைப்பில் ஸ்பைக்குக்கு இடமே விடாது.

24 வோல்ட்டுக்கு மாறுகிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். இரண்டு பேட்டரியைத் தொடராகப் போட்டு, டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் 24-0-24 ஆக மாற்றி, பழைய ஐஆர்எஃப் 3205 போர்டையே வைத்தால் 57.6 வோல்ட் அதன் மேல் வரும். 55 வோல்ட் பொருள் ஸ்பைக் வரும் முன்பே எல்லையைத் தாண்டிவிட்டது. 24 வோல்ட்டுக்கு 100 வோல்ட் மாஸ்ஃபெட்: ஐஆர்எஃப் 3710 (23 மில்லி ஓம்), அல்லது விலை கூடினாலும் ஐஆர்எஃப்பி 4110 (4.5 மில்லி ஓம்). கேட்டுக்கும் ஆசிலேட்டருக்கும் தனியாக 12 வோல்ட் ரெகுலேட்டர் வைக்க வேண்டும்.

சென்டர் டேப் இல்லாமல் நான்கு பக்க டிரான்சிஸ்டர்களால் ஓட்டும் எச்-பிரிட்ஜ் அமைப்பில் டிரான்சிஸ்டர் மேல் பேட்டரி வோல்டேஜ் ஒரு மடங்குதான் வரும். ஆனால் கரன்ட் எப்போதும் இரண்டு டிரான்சிஸ்டர் வழியாகத் தொடராகப் போகும். மேல் பக்கத்து கேட்டை ஓட்டுவதும் தனி வேலை. முதல் முறை கட்டுகிறவருக்கு சென்டர் டேப்பே நல்லது.

4. 2என் 3055-ஆ, மாஸ்ஃபெட்டா

பழைய புத்தகச் சர்க்யூட்டுகளில் எல்லாம் 2என் 3055 இருக்கும். இது பைபோலார் வகை: பேஸ் என்ற காலில் சிறு கரன்ட் கொடுத்தால் கலெக்டர், எமிட்டர் கால்களுக்கு இடையே பெரிய கரன்ட் ஓடும். 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட், உலோகத் தொப்பி போன்ற டிஓ-3 உடல். நல்ல பொருள்தான். ஆனால் இந்த வேலையில் அது எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள்.

4 ஆம்பியரில் அதன் கெயின் (பேஸ் கரன்ட்டை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) குறைந்தபட்சம் 20. 10 ஆம்பியருக்குப் போனால் 5 வரை விழலாம். அதனால் ஒன்றுக்கு 4 ஆம்பியருக்கு மேல் கொடுக்க முடியாது. 24 ஆம்பியருக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு வேண்டும். 4 ஆம்பியரில், பேஸுக்கு 0.4 ஆம்பியர் கொடுத்தால், கலெக்டர்-எமிட்டர் இடையே 1.1 வோல்ட் வரை விழும். 24 × 1.1 = 26 வாட் வெறும் சூடு. ஆறு பேஸுக்கும் சேர்த்து 2.4 ஆம்பியர் வேண்டும். அதை 12 வோல்ட்டில் இருந்து ரெசிஸ்டர் வழியாக இறக்கினால் இன்னொரு 29 வாட். 200 வாட் லோடுக்கு 55 வாட்டைச் சூடாக்கித் தொலைக்கிறோம். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத இரவில் அது ஒரு ஃபேன் ஓடியிருக்க வேண்டிய பேட்டரி.

டார்லிங்டன் வகை டிஐபி 142 போட்டால் பேஸ் கரன்ட் குறையும், ஆனால் 5 ஆம்பியரிலேயே 2 வோல்ட் வரை விழும். 12-ல் 2 போனால் அவுட்புட் வோல்டேஜும் அந்த அளவுக்குப் படுத்துவிடும். ஐஜிபிடியும் இதே காரணத்தால் 12 வோல்ட் பக்கத்துக்கு ஒத்துவராது.

கையில் 2என் 3055 நிறைய இருக்கிறது, 60 அல்லது 80 வாட் போதும் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு எமிட்டரிலும் 0.1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வேண்டும். சூடாக ஆக பைபோலார் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறையும்; எது முதலில் சூடாகிறதோ அதுவே மேலும் மேலும் கரன்ட்டை இழுத்துக்கொண்டு எரியும், மற்றவை சும்மா நிற்கும். அந்தச் சின்ன ரெசிஸ்டர்தான் பங்கைச் சமமாக வைக்கிறது. இரண்டாவது, கலெக்டர்-எமிட்டர் இடையே தலைகீழாக 1என் 5408 டையோடு. மாஸ்ஃபெட்டுக்குள் இருப்பது போல இதற்குள் டையோடு கிடையாது. மூன்றாவது, ஆசிலேட்டர் ஐசி நேரடியாக இதன் பேஸை ஓட்டாது, நடுவே டிரைவர் டிரான்சிஸ்டர் ஒரு கட்டம் வேண்டும்.

100 வாட்டுக்கு மேல் போனால் மாஸ்ஃபெட்தான்.

5. எந்த மாஸ்ஃபெட்: மில்லி ஓமும் சூடும்

மாஸ்ஃபெட் ஆன் ஆனபின் ஒரு சின்ன ரெசிஸ்டர் போல நிற்கிறது. அதில் எழும் சூடு, கரன்ட்டின் வர்க்கம் பெருக்கல் அந்த ஓம். டேட்டாஷீட் எண் 25 டிகிரிக்கானது. உள்ளே 100 டிகிரி ஆகும்போது அது ஏறக்குறைய 1.6 மடங்காகும். 23.8 ஆம்பியருக்கு மூன்று தேர்வுகள்:

ஐஆர்எஃப் 540என்: 100 வோல்ட், 44 மில்லி ஓம். பக்கத்துக்கு ஒன்று வைத்தால் மொத்தச் சூடு 40 வாட்.

ஐஆர்எஃப்இசட் 44என்: 55 வோல்ட், 17.5 மில்லி ஓம். பக்கத்துக்கு ஒன்று என்றால் 16 வாட். இரண்டு என்றால் 8 வாட்.

ஐஆர்எஃப் 3205: 55 வோல்ட், 8 மில்லி ஓம். பக்கத்துக்கு ஒன்று என்றால் 7 வாட். இரண்டு என்றால் 3.6 வாட்.

கடைசி வரியைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஐஆர்எஃப் 3205, சூடு நான்கு வாட்டுக்கும் கீழே. 2என் 3055-இன் 55 வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐஆர்எஃப் 540என் 100 வோல்ட் தாங்குவதால் 'ஸ்ட்ராங்' என்று சில கடைகளில் எடுத்துக் கொடுப்பார்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் தாங்கும் பொருளுக்கு ஓமும் கூடவே வரும், சூடாகத்தான் அதற்கு விலை கொடுப்போம்.

கரன்ட்டின் வர்க்கம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே நான்கோடு 400 வாட் ஓட்டிப் பார்த்தால் சூடு இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்காகி 14 வாட்டைத் தாண்டும். அப்போது பக்கத்துக்கு நான்கு வேண்டும்.

மாஸ்ஃபெட்டை இணையாக வைப்பது பைபோலாரைவிடச் சுலபம். சூடானது ஓம் ஏறித் தானாகவே பங்கைக் குறைத்துக்கொள்ளும். எமிட்டர் ரெசிஸ்டர் போல எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கேட்டுக்கும் தனி ரெசிஸ்டர் மட்டும் கட்டாயம். ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பேட்ச்சாக இருக்கட்டும்.

6. கேட்டை ஓட்டுவது

டேட்டாஷீட்டில் கேட் த்ரெஷோல்டு 2 முதல் 4 வோல்ட் என்று இருக்கும். அதைப் பார்த்து 5 வோல்ட் போதும் என்று மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து நேரடியாகக் கொடுத்து எரித்தவர்கள் ஏராளம். த்ரெஷோல்டு என்பது 250 மைக்ரோ ஆம்பியர் கசியத் தொடங்கும் இடம். 8 மில்லி ஓம் என்ற எண் கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது மட்டுமே உண்மை. 5 வோல்ட்டில் அது அரைகுறையாகத் திறந்து நின்று சூடேறும்.

பேட்டரி 10.5-க்கு இறங்கும்போது கேட் வோல்டேஜும் கூடவே இறங்குகிறது. எனவே 10.5 வோல்ட்டில் நின்றுவிடும் லோ-பேட்டரி கட் கட்டாயம். அது பேட்டரியை மட்டும் காப்பாற்றுவதில்லை, மாஸ்ஃபெட்டையும் காப்பாற்றுகிறது. மேல் எல்லை 20 வோல்ட்: அதைத் தாண்டினால் கேட்டின் ஆக்சைடு துளைபட்டுவிடும்.

சிடி 4047 ஐசி இந்த வேலைக்குப் போதும். 4, 5, 6, 14 பின்கள் பிளஸ்ஸுக்கு. 7, 8, 9, 12 மைனஸுக்கு. 1-க்கும் 3-க்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், ஃபிலிம் வகை. செராமிக் போட்டால் சூட்டில் ஃப்ரீக்வென்சி நகரும். 2-க்கும் 3-க்கும் நடுவே 39 கிலோ ஓமும் 10 கிலோ ஓம் பிரீசெட்டும் தொடராக. நேரம் 4.4 × ரெசிஸ்டன்ஸ் × கெபாசிட்டன்ஸ் என்பதால் 45.5 கிலோ ஓம் அருகே 20 மில்லி செகண்ட், அதாவது 50 ஹெர்ட்ஸ் வரும். அவுட்புட் 10, 11 பின்களில்.

இந்த ஐசி சில மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. ஒரு ஐஆர்எஃப் 3205-இன் கேட் நிரம்ப 146 நானோ கூலும் வரை சார்ஜ் வேண்டும். பக்கத்துக்கு இரண்டு என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. 5 மில்லி ஆம்பியரில் அதற்கு 60 மைக்ரோ செகண்ட் ஆகும், அத்தனை நேரமும் மாஸ்ஃபெட் அரைகுறையாக நிற்கும். எனவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிசி 337, ஒரு பிசி 327 ஜோடியை எமிட்டர் ஃபாலோயராக நடுவே வையுங்கள். காசு அதிகம் இல்லாத திருத்தம், பலன் பெரிது.

ஒவ்வொரு கேட்டிலும்: 220 ஓம் தொடராக, அதற்கு இணையாக ஒரு 1என் 4148-உம் 10 ஓமும் தொடராக, டையோடின் கோடு போட்ட முனை டிரைவர் பக்கம். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓமும் 15 வோல்ட் 1 வாட் ஜீனரும். டையோடு இருப்பதால் ஆஃப் வேகமாகவும் ஆன் சற்று மெதுவாகவும் நடக்கும். சிடி 4047-இன் இரண்டு அவுட்புட்டும் ஒரே கணத்தில் மாறுகின்றன. இரு பக்கமும் ஒன்றாகத் திறந்திருந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பேட்டரிக்கு ஷார்ட். மெதுவாக ஆன் ஆகும் அந்த நூலிழை நேரம்தான் இங்கே பாதுகாப்பு. எஸ்ஜி 3525 ஐசியில் டெட் டைம் (இரு பக்கமும் ஆஃபாக இருக்கும் இடைவெளி) உள்ளேயே உண்டு. அடுத்த கட்டமாக அதற்கு மாறலாம்.

ஸ்பைக்குக்கு: ஒவ்வொரு பக்கத்து டிரெய்ன்-சோர்ஸ் இடையே 1.5கேஇ 36ஏ டிவிஎஸ் டையோடு ஒன்று. 30.8 வோல்ட் வரை அது அசையாது, முழு அடியிலும் 50 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும், நமக்கு 28.8-க்கும் 55-க்கும் நடுவே வேண்டியது அதுதான். கூடவே 10 ஓம் 2 வாட்டும் 0.1 மைக்ரோ ஃபாரட் 100 வோல்ட்டும் தொடராக ஒரு ஸ்னப்பர். சென்டர் டேப்புக்கும் சோர்ஸுக்கும் நடுவே, மாஸ்ஃபெட்டுக்கு மிக அருகில், 4700 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் இரண்டு.

7. டிரான்சிஸ்டர் மேல் பழி, தப்பு டிரான்ஸ்ஃபார்மரில்

அவுட்புட் வோல்டேஜ் கூடட்டும் என்று 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் போடும் வழக்கம் இருக்கிறது. வெறும் சதுர அலைக்கு இது ஆபத்து. அந்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு 9 வோல்ட் சைன் அலைக்கு அளவெடுத்தது. அதில் 12 வோல்ட் சதுர அலையைக் கொடுத்தால், வோல்டேஜால் 1.33 மடங்கும் அலையின் வடிவத்தால் 1.11 மடங்கும் சேர்ந்து, ஃப்ளக்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். இரும்பு நிறைந்து, ஒவ்வொரு அரைச் சுற்றின் கடைசியிலும் கரன்ட் குதிக்கும். லோடே இல்லாமல் மாஸ்ஃபெட் சூடாகிறது, டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று கத்துகிறது என்றால் இதுதான். எத்தனை மாஸ்ஃபெட் மாற்றினாலும் தீராது. சிடி 4047-க்கு 12-0-12, 20 ஆம்பியர் போடுங்கள். வோல்டேஜ் 210 அளவில் நின்றாலும் எல்இடியும் பிஎல்டிசி ஃபேனும் முணுமுணுக்காமல் ஓடும். 9-0-9 வேண்டும் என்றால் எஸ்ஜி 3525 வைத்து பல்ஸ் அகலத்தைக் குறைக்கும் அமைப்பாக இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே எச்சரிக்கை. அவை பெரும்பாலும் 12-க்கும் குறைவான வோல்ட்டுக்குச் சுற்றியவை.

8. வாங்குவதும் சோதிப்பதும்

போலி மாஸ்ஃபெட் எங்கும் கிடைக்கும். சின்னச் சில்லை உள்ளே வைத்து மேலே 3205 என்று அச்சடித்தது, பழைய போர்டிலிருந்து கழற்றி மெருகேற்றியது, இரண்டும் உண்டு. ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தாலும், ஆன்லைனில் வாங்கினாலும், புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய யுபிஎஸ் போர்டு எடுத்துக் கழற்றினாலும், போர்டில் ஏற்றும் முன் சோதித்துவிடுங்கள். நல்ல யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றியது பல நேரம் புதிதாக வாங்கிய போலியைவிட நம்பகமானது. நான்குக்கு ஆறாக வாங்குங்கள்.

*ஓம் சோதனை.* 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு, அதிலிருந்து டிரெய்ன், சோர்ஸ் மைனஸுக்கு. கேட்டை 1 கிலோ ஓம் வழியாகப் பிளஸ்ஸில் தொடவும். பல்பு முழுதாக எரியும், ஏறத்தாழ 4.6 ஆம்பியர் ஓடும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, டிரெய்ன், சோர்ஸ் கால்கள் உடலோடு சேரும் இடத்திலேயே முனையை வைத்து அளக்கவும். நல்ல ஐஆர்எஃப் 3205 என்றால் 40 மில்லி வோல்ட்டுக்குள் காட்டும். ஐஆர்எஃப்இசட் 44என் 80-க்குள். 3205 என்று எழுதியது 100-க்கு மேல் காட்டினால் உள்ளே இருப்பது வேறு பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில நொடிகளில் அளந்து முடிக்க வேண்டும், ஹீட் சிங்க் இல்லாமல் நெடுநேரம் விடக் கூடாது.

*வோல்டேஜ் சோதனை.* ஆறு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகச் சேர்த்தால் 54 வோல்ட்டும் சற்று மேலும் வரும். கேட்டையும் சோர்ஸையும் சேர்த்துக் கட்டி, பிளஸ்ஸை 100 கிலோ ஓம் வழியாக டிரெய்னுக்கும், மைனஸை சோர்ஸுக்கும் கொடுங்கள். டிரெய்ன்-சோர்ஸ் இடையே 50-க்கு மேல் நின்றால் சரி. 30, 40-லேயே நின்றுவிட்டால் அது குறைந்த வோல்டேஜ் சில்லு.

கையிருப்பு மாஸ்ஃபெட்டின் மூன்று கால்களையும் அலுமினியத் தாளில் குத்தி வையுங்கள். எர்த் இல்லாத இரண்டு முள் சால்டரிங் அயர்னின் நுனியில் கசியும் வோல்டேஜே கேட்டைத் துளைக்கப் போதும்; மூன்று முள் உள்ளதையே பயன்படுத்துங்கள்.

9. ஹீட் சிங்க், உப்புக் காற்று

டிஓ-220-இன் உலோகத் தகடு டிரெய்னோடு சேர்ந்தது. இரண்டு பக்கத்து டிரெய்னும் வெவ்வேறு. ஒரே ஹீட் சிங்கில் மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) இல்லாமல் மாட்டினால் ஆன் செய்த கணமே ஷார்ட். இரண்டு தனி ஹீட் சிங்க் வைத்து மைக்கா இல்லாமல் மாட்டலாம். பெட்டியில் எதுவும் உரசாத இடமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் மைக்கா, பிளாஸ்டிக் புஷ், இரு பக்கமும் மெல்லிய பூச்சாக ஹீட் சிங்க் பேஸ்ட். மாட்டியபின் மீட்டரில் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் தொடர்பு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நம் நான்கு மாஸ்ஃபெட்டுக்கும் ஸ்விட்சிங் இழப்பையும் சேர்த்து 6 வாட் என்று வையுங்கள். வாட்டுக்கு 4 டிகிரி ஏறும் ஹீட் சிங்க் என்றால் 24 டிகிரி உயரும். அறை 40, பெட்டிக்குள் 50, ஹீட் சிங்க் 74. கை வைக்க முடியாது, ஆனால் பொருளுக்கு ஒன்றும் ஆகாது. ஹீட் சிங்கில் 75 டிகிரி தெர்மல் ஸ்விட்ச் ஒன்றை ஒட்டி, டிரைவர் சப்ளையை அதன் வழியாகக் கொடுக்க நினைத்தால் ஹீட் சிங்கை இன்னும் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். இல்லையென்றால் மே மாத மதியத்தில் வீணாக நின்று நின்று ஓடும்.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே இழுப்பதைவிட ஹீட் சிங்கைப் பெரிதாக்குவதே மேல். ஃபேன் உப்பையும் ஈரத்தையும் போர்டின் மேல் கொண்டுவந்து கொட்டும். போர்டுக்கு வார்னிஷ் பூச்சு, கறுப்பு அனோடைஸ் செய்த ஹீட் சிங்க், ஈயம் பூசிய செம்பு லக், பேட்டரி முனைகளில் வாஸ்லைன். கேட்டில் வைத்த 10 கிலோ ஓமின் அருமை இங்கேதான் தெரியும்: ஈரம் படிந்த போர்டில் கேட் தானாக மிதந்து பாதி திறக்காமல் அது பிடித்துவைக்கிறது.

பேட்டரியிலிருந்து 6 ஸ்குவேர் எம்எம் ஒயர், ஒரு மீட்டருக்கு மிகாமல். பேட்டரி முனையிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ். மாஸ்ஃபெட்டைக் காக்கும் வேகம் ஃபியூஸுக்கு இல்லை. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆன பிறகு ஒயர் பற்றி எரியாமல் இருக்கத்தான் அது.

10. முதல் முறை ஆன் செய்வது

மாஸ்ஃபெட் ஏற்றும் முன் 4047-க்கு மட்டும் சப்ளை கொடுத்து, இரு கேட் புள்ளியிலும் 50 ஹெர்ட்ஸும், டிசி அளவில் பேட்டரியின் பாதி வோல்டேஜும் வருகிறதா பாருங்கள். இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று 6, இன்னொன்று 4 என்றால் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கமாக நிறைந்து அந்தப் பக்கத்து மாஸ்ஃபெட் போகும்.

பிறகு மாஸ்ஃபெட்டை ஏற்றி, ஃபியூஸின் இடத்தில் அந்த ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ நல்லது. பளீரென்று எரிந்தால் எங்கோ ஷார்ட், அல்லது இரு பக்கமும் ஒன்றாகத் திறக்கிறது. எதுவும் எரியாமல் உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது. சரியென்றால் ஃபியூஸ் போட்டு, 40 வாட் குண்டு பல்பில் தொடங்கி, பத்துப் பத்து நிமிடம் விட்டு லோடை ஏற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு மாஸ்ஃபெட்டின் சூட்டையும் ஒப்பிடுங்கள், ஆஃப் செய்த பிறகே தொட்டு. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் கேட் ரெசிஸ்டர் அல்லது சால்டரில் கோளாறு. ஒரு பக்கம் முழுவதும் கூடுதல் சூடு என்றால் டிரைவர் ஜோடியைப் பாருங்கள்.

ஒன்று போய்விட்டால் அதை மட்டும் மாற்றாதீர்கள். டிரெய்னுக்கும் கேட்டுக்கும் ஷார்ட் ஆகும்போது அந்த வோல்டேஜ் ஜீனரையும் பிசி 337, 327 ஜோடியையும் சில நேரம் 4047-ஐயும் சேர்த்துக் கெடுக்கும். அதே பக்கத்து இன்னொரு மாஸ்ஃபெட்டும் பாதி அடிபட்டிருக்கும். பக்கத்தை மொத்தமாக மாற்றி, கேட் சிக்னலை மறுபடி பார்த்து, ஹெட்லைட் பல்பிலிருந்து தொடங்குங்கள்.

அவுட்புட்டில் வருவது 200 வோல்ட்டுக்கு மேல், பேட்டரியிலிருந்து வந்தாலும் உயிரை எடுக்கும். இதை வீட்டு பிளக் பாயிண்டில் திருப்பிச் சொருகி வயரிங்குக்கு ஏற்றவே கூடாது. புயலுக்குப் பிறகு கடலூரில் மின்வாரியத்து லைன்மேனும், புதுச்சேரியில் மின்துறை ஊழியரும் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கம்பத்தில் ஏறுகிறார்கள். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அது உயிர் பெற்றிருக்கக் கூடாது. தனி சாக்கெட் ஒன்றில் மட்டும் லோடைக் கொடுங்கள். வீட்டு லைனோடு சேர்க்க வேண்டும் என்றால் இரண்டும் ஒருபோதும் சேராத டபுள் போல் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால் இணையுங்கள்.